நார்வே பெயிண்ட் அடிச்ச ஜெர்மன் எம்40 ஹெல்மெட்: வாங்கி வெச்சுப் பாத்தவனோட ரிவ்யூ

மொதல்லயே முடிவ சொல்லிப்போடறேனுங்க. ரெண்டாம் உலகப்போர் ஜெர்மன் ஹெல்மெட் ஒண்ணு வாங்கி வெக்கோணும்னு ஆசை இருக்கறவங்க, ஸ்வஸ்திக் புடிச்ச நாஜி கழுகு ஸ்டிக்கர் பளிச்சுன்னு இருக்கற பீஸு பின்னாடி ஓடாதீங்க. போர் முடிஞ்சதுக்கு அப்பறம் வேற நாட்டுக்காரங்க மறுக்கா பெயிண்ட் அடிச்சு போட்டுட்டிருந்த ஷெல் (ஹெல்மெட்டோட இரும்பு ஓடு) ஒண்ண வாங்குங்க. வெலை கம்மி, டூப்ளிகேட்ல மாட்டறதுக்கு சான்ஸும் கம்மி, உக்காந்து பாக்கறதுக்கு அதுல இருக்கற விஷயம் நெம்ப ஜாஸ்தி. வாங்கினதுக்கு அப்பறம் அந்த மேல் பெயிண்ட்ட மட்டும் தயவுசெஞ்சு சொரண்டிராதீங்க. இத சொல்லத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

நமக்கு பொழப்பு பவுடர் கோட்டிங். கோயமுத்தூர் கணபதி பக்கம் சின்ன யூனிட்டு, பம்பு பாடி, மோட்டார் கவரு, கிரைண்டர் ஸ்டேண்டுன்னு இரும்பு மேல பெயிண்ட் எப்படி உக்காருது, எங்க உரியுது, எதுக்கு உரியுதுன்னு தெனமும் பாத்துட்டே இருக்கறவன். அதனால ஹெல்மெட்டயும் பெயிண்டுக்காரன் கண்ணுலதான் பாக்க வருது, ரிவ்யூவும் அப்படித்தான் இருக்கும்.

பீஸு என்னன்னா, போருக்கு அப்பறம் நார்வே பட்டாளம் பச்ச பெயிண்ட் அடிச்ச எம்40 ஷெல்லுங்க. ஐரோப்பால ஒரு டீலர்கிட்ட ஆன்லைன்ல வாங்கினது, ஷிப்பிங்கு கஸ்டம்ஸு எல்லாம் ஒட்டுக்கா சேத்து முப்பதாயிரத்துக்கு பக்கமா ஆச்சு. உள்பக்கம் இடது ஓரத்துல ஈ.டி. 64ன்னு குத்தியிருக்குது. ஈ.டி.ன்னா ஜெர்மனில தாலேங்கற ஊர்ல இருந்த இரும்பு ஃபேக்டரி, 64 ஷெல் சைஸு, அதாவது 56, 57 அளவு தலைக்கு வர்ற லைனர் (உள்ள மாட்டற தோல் மெத்தை) போடற ஷெல்லு. பின்பக்க ஓரத்துல லாட் நம்பர் தனியா இருக்குது. கியூன்னு இருந்தா எஸ்லிங்கன் ஊரு குவிஸ்ட் கம்பெனி, ஈ.எஃப்.னா ஃபுல்டா, எஸ்.ஈ.ன்னா லவுட்டர், என்.எஸ்.னா ஷ்வேர்ட்டே. மேல எத்தனை கோட்டு பெயிண்ட் அடிச்சிருந்தாலும் இந்த குத்து மறையாது, டார்ச்ச சாய்ச்சு புடிச்சா எழுத்து தெரியும். சில பீஸுல பெயிண்ட் ரொம்பிப்போயி மழுங்கலா இருக்கும், அப்ப மெல்லிசு பேப்பர மேல வெச்சு பென்சில்ல தேச்சா அச்சு வந்துரும்.

மாடல் கண்டுபுடிக்கறது பெரிய வித்தை இல்லீங்க. 1935ல வந்த எம்35க்கு ஓரம் உள்பக்கமா மடிச்சிருக்கும், காத்து ஓட்டைல தனியா ஒரு சின்ன குழாய் ரிவிட் சொருகியிருக்கும். 1940ல வேலைய கொறைக்க அந்த ரிவிட்ட எடுத்துட்டு ஓட்டைய ஷெல்லுலயே அமுக்கி விட்டாங்க, ஆனா ஓரம் மடிச்சதுதான், அது எம்40. 1942 ஆகஸ்ட்டுக்கு அப்பறம் மடிக்கறதயும் விட்டுட்டாங்க, ஓரம் வெட்டின மாதிரி வெளிய விரிஞ்சு நிக்கும், அது எம்42. போர் இழுக்க இழுக்க ஃபேக்டரில ஒவ்வொரு வேலையா கழட்டிவிட்டது ஷெல்லப் பாத்தாலே தெரியும்.

எங்க யூனிட்டுக்கு பக்கத்துல பிரஸ் ஷாப் வெச்சிருக்கற அண்ணன்கிட்ட குடுத்தேன். ஆயுசு முச்சூடும் டீப் டிரா, அதாவது தகட்ட அச்சுல அமுக்கி ஆழமா இழுக்கற வேலைலயே இருந்தவருங்க. எந்த நாடு, எந்த பட்டாளம்னு ஒண்ணும் கேக்கல. கவுத்து வெச்சு, நெத்திப் பக்கத்துல இருந்து காதுப் பக்கம் எறங்கற வளைவ கட்டவெரல்ல மெதுவா தடவிட்டே வந்தாரு. "ஏனுங் தம்பி, இந்த மூலைல சுருக்கமே விழுகலையே, சூடு பண்ணி இழுத்திருக்காங்களா?"ன்னாரு. ஆமாங்ணா, சூடாத்தான் பல ஸ்டேஜ்ல இழுத்தாங்கன்னு சொன்னேன். ஏறக்குறைய 1.1, 1.2 மில்லிமீட்டர் தகடுதான், அத அந்த ஆழத்துக்கு இழுத்து கிழியாம கொண்டுவர்றது எவ்ளோ கஷ்டம்னு அவருக்குத்தான் தெரியும். அப்பறம் ஓரத்த திருப்பி மடிப்புக்குள்ள நகத்த விட்டுப் பாத்துட்டு, "உள்ள வேற கலரு இருக்குது பாருங்"ன்னாரு.

அந்த மடிப்புதாங்க இந்த ஹெல்மெட்டோட ஜாதகம். வெளிய எங்க வேணா சொரண்டலாம், தேச்சு எடுக்கலாம், ஆனா மடிச்ச ஓரத்துக்குள்ள போன பெயிண்ட்ட யாராலயும் சுத்தமா எடுக்க முடியாது. பத்து மடங்கு பெருசாக்கிக் காட்டற லூப் கண்ணாடிய கண்ணுல வெச்சு பாத்தா என்னோட பீஸுல மேல நார்வே பச்ச, வழவழன்னு மட்டமா. அதுக்கு கீழ கருஞ்சாம்பல் கலரு, சொரசொரன்னு உப்புக்கல்லு தெளிச்ச மாதிரி. அதுக்கும் கீழ இரும்பு. எம்40க்கு இப்படித்தான் இருக்கோணும், ஏன்னா போருக்கு முன்னாடி அடிச்சிட்டிருந்த வழவழ பச்ச வெயில்ல மின்னுதுன்னு 1940ல இருந்து மங்கலான சொரசொரப்பு பெயிண்டுக்கு மாறிட்டாங்க. எம்35ன்னா பெரும்பாலும் மூணு கோட்டு பாக்கலாம்: அடில போருக்கு முந்தின வழவழ பச்ச, நடுவுல போர் டைம்ல அடிச்ச சொரசொர சாம்பல், மேல போருக்கு அப்பறத்து கலரு. இதே எம்42 ஷெல்லுல அடில அந்த பழைய வழவழ பச்ச இருந்துச்சுன்னா நின்னு யோசிக்கோணும், அந்த ஷெல்லு வந்ததே அந்த பெயிண்ட் நின்னதுக்கு அப்பறம்.

மடிப்புக்கு அடுத்து பாக்க வேண்டியது ரிவிட். லைனர புடிச்சிருக்கறது மூணே மூணு ஸ்ப்ளிட் பின்னு, பக்கத்துக்கு ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. பின் தலைக்கும் ஷெல்லுக்கும் நடுவுல பெயிண்ட் ஒடையாம ஒரே தோலா ஓடுதான்னு பாருங்க. ஓடுச்சுன்னா அந்த பெயிண்ட் அடிச்சதுக்கு அப்பறம் யாரும் பின்ன கழட்டல. தலைய சுத்தி பெயிண்ட் வெடிச்சோ, பின் தலைல மட்டும் வேற கலராவோ இருந்தா லைனர மாத்தியிருக்காங்கன்னு அர்த்தம். மாத்தறது ஒண்ணும் குத்தமில்ல, பட்டாளத்துலயே மாத்துவாங்க, ஆனா விக்கறவரு "கை படாத பீஸு"ன்னு சொன்னா இந்த எடத்துலதான் புடிக்கோணும். எனக்கு வந்ததுல ரெண்டு பின்னுல பச்ச முழுசா ஓடுது, பின்னாடி ஒண்ணுல மட்டும் லேசா வெடிப்பு. உள்ள லைனர் வளையத்தோட ஓரத்துல பச்ச தூறல் விழுந்திருக்குது, அதாவது லைனர கழட்டாமயே ஸ்ப்ரே பண்ணியிருக்காங்க. எங்க யூனிட்ல பையன் மாஸ்கிங் டேப் சரியா ஒட்டாம அடிச்சா எப்படி தூறல் விழுமோ அதே தூறல்.

இந்த பச்சைக்கு பின்னாடி இருக்கற கதைய கொஞ்சம் சொல்லோணும், இல்லாட்டி இதோட மதிப்பு புரியாது. 1940 ஏப்ரல் 9 ஜெர்மனிக்காரன் நார்வேக்குள்ள பூந்தான், 1945 மே 8 வரைக்கும் அஞ்சு வருஷம் அந்த நாட்ட கைல வெச்சிருந்தான். கடைசில சரணடைஞ்சப்ப அங்க மூணரை லட்சம் பேர் பக்கம் ஜெர்மன் பட்டாளம் நின்னுச்சு, அவங்க துப்பாக்கி, வண்டி, ஹெல்மெட் எல்லாம் அங்கயே கெடந்துச்சு. நார்வேகிட்ட காசும் இல்ல, புதுசா பட்டாளம் கட்டோணும், அதனால அந்த ஹெல்மெட்டயே எடுத்து தன்னோட கலரு அடிச்சு தன்னோட பசங்களுக்கு போட்டு விட்டுச்சு. அடக்கி வெச்சிருந்தவனோட இரும்ப எடுத்து, அவன் சின்னத்த மூடி, தன்னோட ஆளுக்கு காவலுக்கு குடுத்ததுங்க அது. அந்த பெயிண்ட்ட போயி "போருக்கு அப்பறத்து குப்பை"ன்னு சொல்றவங்கள எனக்கு சுத்தமா ஒத்துக்க முடியல.

ஆனா சொரண்டறவங்க கூட்டம்தான் அதிகம். கீழ கழுகு இருக்கும்ங்கற ஆசைல பிளேடு, பல்குச்சி, தின்னருன்னு வெச்சு மணிக்கணக்கா உக்காந்து சொரண்டறாங்க. பெயிண்டுக்காரனா சொல்றேன், அந்த கழுகு டீக்கல் (ஸ்டிக்கர்) வார்னிஷ் மேல ஒட்டின மெல்லிசு பூச்சு, மேல இருக்கற பச்சைய எளக்கற தின்னரு பெரும்பாலும் அதயும் சேத்து எளக்கிரும், உங்க தின்னருக்கு இது நார்வே இது ஜெர்மனின்னு பாக்கத் தெரியாது. போக, கீழ கழுகு இருக்கும்னே கேரண்டி கெடையாது. வலது பக்கம் இருந்த மூணு கலர் கேடய டீக்கல 1940லயே எடுக்கச் சொல்லிட்டாங்க, கழுகயும் 1943 ஆகஸ்ட்ல நிறுத்தச் சொல்லிட்டாங்க. அதுக்கு அப்பறம் ஃபேக்டரில இருந்து வந்த ஷெல்லு பலதுல ஒண்ணுமே இருக்காது. இல்லாத ஒண்ணத் தேடி இருக்கற சரித்திரத்த சொரண்டி குப்பைல போடறாங்க.

கழுகு கீழ இருக்கான்னு தெரிஞ்சுக்க சொரண்டவே வேண்டாம். ராத்திரி லைட்ட அணைச்சுட்டு டார்ச்ச ஷெல்லோட தோலுக்கு ஒட்டுன மாதிரி பக்கவாட்டுல புடிங்க. டீக்கலோட ஓரம் மேல் பெயிண்ட்டுல மெல்லிசா ஒரு மேடா தெரியும். எனக்கு இடது பக்கம் கேடயம் மாதிரி ஒரு வளைவு தெரிஞ்சுது, நாலு செ.மீ. பக்கம் உயரம், கழுகு டீக்கலோட வடிவமும் அளவும் அதுதான். யூனிட்ல பெயிண்ட் கனம் பாக்கற மைக்ரான் மீட்டர் இருக்குதே, அதயும் வெச்சுப் பாத்தேன். அந்த எடத்துல கொஞ்சம் தூக்கிக் காட்டுது, ஆனா சொரசொர பெயிண்ட்டுல ரீடிங் எல்லா எடத்துலயும் குதிக்கும், வளைஞ்ச பரப்புல இன்னும் குதிக்கும், அதனால மீட்டர நம்பி சத்தியம் பண்ண மாட்டேன். டார்ச்சுதான் பெஸ்ட்டு. கழுகு அங்க இருக்குது, அங்கயே இருக்கட்டும், அவ்ளோதான்.

இதுல எனக்கு இன்னொரு காரணமும் இருக்குதுங்க. இந்த ஹெல்மெட் போட்டவனுக்கு எதுரா நின்னதுல நம்மாளுங்க நெறய பேரு. வட ஆப்பிரிக்கால நாலாவது இந்திய டிவிஷன், அப்பறம் இத்தாலில கசீனோ மலை, அங்கெல்லாம் மெட்ராஸ் சாப்பர்ஸ்ங்கற நம்ம ராணுவ இன்ஜினியர் படை கண்ணிவெடி எடுத்துட்டும் பாலம் கட்டிட்டும் இருந்தாங்க. அதுல சுபேதார் சுப்பிரமணியன், நம்ம தமிழ்நாட்டுக்காரரு, 1944 பிப்ரவரி 24 மிக்னானோ பக்கம் வெடிக்கப்போற கண்ணிவெடி மேல தானா விழுந்து கூட இருந்தவங்கள காப்பாத்திட்டு செத்துப்போனாரு, ஜார்ஜ் கிராஸ்ங்கற பிரிட்டிஷ் வீர விருது குடுத்தாங்க. அந்த சண்டைய நெனச்சா, கழுகு வெளிய தெரிய கண்ணாடி ஷோகேஸ்ல வெச்சு பெருமைப்படறதுக்கு மனசு வரல. மூடி இருக்கறதுதான் சரின்னு படுது. ஜெர்மனிலயே குற்றவியல் சட்டம் 86ஏ பிரிவுல அந்த சின்னத்த வெளிய காட்டறது தப்பு, அங்க விக்கறவங்க போட்டோல அந்த எடத்த மறைச்சுத்தான் போடறாங்க.

இப்ப கொறைகளுக்கு வர்றேன். டீலர் பேர போட விருப்பமில்ல, ஆனா நடந்தத சொல்லோணும். விளம்பரத்துல "தாடைப்பட்டை போர் காலத்து ஒரிஜினல்"னு எழுதியிருந்தாங்க. வந்தத பாத்தா தோலு மேல மட்டும் கறுப்பா பழசு மாதிரி, ஓட்டை உள்பக்கம் பிஸ்கட் கலர்ல புதுசா இருக்குது. பழைய தோலுன்னா சாயம் ஓட்டைக்குள்ளயும் இருட்டிப் போயிருக்கும், பக்கிள் முள்ளு அழுத்தின எடம் நீள்வட்டமா இழுத்துட்டு இருக்கும், இதுல ஒண்ணுமில்ல. போட்டோ எடுத்து அனுப்பினேன், ஒரு வாரம் பதிலே இல்ல, மறுக்கா கேட்டதுக்கு பட்டைக்கான காச மட்டும் திருப்பி போட்டாங்க. பேக்கிங்கும் மோசம். ஷெல்லுக்கு ஒண்ணும் ஆகாது, இரும்பு, ஆனா உள்ள லைனரோட எட்டு தோல் நாக்கும் காஞ்சு அப்பளமா இருக்கறப்ப நடுவுல ஒரு துணியாவது அடைச்சு அனுப்ப வேண்டாமா? ஒரு நாக்கு மடிப்புல கிழிஞ்சே வந்துச்சு. ஷெல்லுக்கு நான் அஞ்சுக்கு அஞ்சு குடுப்பேன், டீலர் சர்வீஸுக்கு ரெண்டுக்கு மேல குடுக்க முடியாது.

உள்ளூர்ல பழைய சாமான் கடைல "ஒரிஜினல் ஜெர்மன்"னு சொல்லி வெச்சிருக்கறதையும் பாத்திருக்கேன். நம்ம நாட்டுலயே ரெப்ளிகா ஹெல்மெட் நெறய செஞ்சு வெளிநாட்டுக்கு அனுப்பறாங்க, நாடகம், ஷூட்டிங்குக்கு அது ஓக்கே, ஏமாத்தி விக்கறதுதான் தப்பு. கைல தூக்கினாலே பாதி தெரிஞ்சுரும், ஒரிஜினல் ஷெல்லு ஒரு கிலோவ ஒட்டி கனமா இருக்கும். அப்பறம் துரு. பழைய துரு காப்பிக்கொட்டை கலர்ல இரும்போட ஒட்டிக்கெடக்கும், வெரல்ல தேச்சா வராது. ஆசிட் ஊத்தி வரவெச்ச துரு ஆரஞ்சா மாவு மாதிரி கையில ஒட்டும். ஸ்டாம்ப்பு குத்தின எழுத்துக்குள்ள மட்டும் துரு இல்லாம சுத்தமா இருந்தா எழுத்த பின்னாடி குத்தியிருக்காங்கன்னு சந்தேகப்படுங்க.

கேமோ, அதாவது சுத்துப்புறத்தோட கலந்து மறையற மாதிரி கலரு, அடிச்ச பீஸுதான் நெம்ப ஆபத்து. ஆப்பிரிக்கா மணல் கலரு, ரஷ்யா பனிக்கு அடிச்ச வெள்ள, நார்மண்டில 1944ல ஸ்ப்ரே பண்ணின மூணு கலரு, இதெல்லாம் நெசமாவே இருந்தது, மணல் மரத்தூள் கலந்து அடிச்சதும் உண்டு. ஆனா கழுகு பீஸ விட இதுக்கு வெலை ஜாஸ்தி, அதனால மலிவா கெடைக்கற நார்வே ஷெல்லயே வாங்கி, பச்சைய எடுத்துட்டு, புதுசா கேமோ அடிச்சு விக்கற எம்டனுங்க இருக்காங்க. பாக்கற விதம் பெயிண்டுக்காரனுக்கு சுலபம்: அடிபட்ட பள்ளத்துக்குள்ளயும் துரு மேலயும் கேமோ ஓடியிருந்தா, அடி பட்டதுக்கும் துரு புடிச்சதுக்கும் அப்பறம்தான் அந்த கேமோ வந்துச்சு. நெசமா சண்டைல அடிச்ச கேமோ தேஞ்சு, கை புடிக்கற முன் ஓரத்துலயும் கீழ வைக்கறப்ப படற எடத்துலயும் கீழ் கோட்டு எட்டிப் பாக்கும். யு.வி. டார்ச் அடிச்சா சில புது பெயிண்ட்டும் புது டீக்கலும் மின்னும். மின்னினா தூக்கிப் போடுங்க, மின்னலைன்னா ஒரிஜினல்னு முடிவு பண்ணிராதீங்க.

பராமரிப்பு பத்தி ரெண்டு வார்த்த. நம்மூர்ல ஆனி ஆடில பாலக்காட்டு கணவாய் காத்து ஈரத்தோட வர்றப்ப தோல் லைனர்ல பூஞ்சை புடிக்கும், செத்த நாள் கவனிக்காம விட்டா வெள்ளையா படர்ந்துரும். சிலிகா ஜெல் பாக்கெட் உள்ள போட்டு மூடின பொட்டில வெச்சிருக்கேன், தாடைப்பட்டைய புடிச்சு ஆணில தொங்க விடறதே இல்ல. தோலுக்கு எண்ணெய் கிண்ணெய் ஒண்ணும் தடவல. பெயிண்ட்டுக்கு ஈரத்துணி போதும். உப்புத்தாள் போடவே கூடாது, அந்த காலத்து பெயிண்ட்டுல ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு, தூள் மூக்குல போனா ஒடம்புக்கு ஆகாது, கொழந்தைங்க இருக்கற ஊடுன்னா இன்னும் ஜாக்கிரதையா இருக்கோணும்.

வாங்கறதுக்கு முன்னாடி விக்கறவங்ககிட்ட கேக்க வேண்டிய போட்டோ: மடிப்பு ஓரம் க்ளோஸப்ல, மூணு பின்னும் வெளிய உள்ள ரெண்டு பக்கமும், இடது ஓரத்து ஸ்டாம்ப்பு, காத்து ஓட்டை, பட்டையோட ஓட்டை உள்பக்கம். இத அனுப்ப யோசிக்கறவங்ககிட்ட வாங்க வேண்டாம். பின்னாடி கீழ சதுரமா ஒரு கொக்கி இருந்தா அது ஹங்கேரி எம்38, முன்னாடி சின்னம் சொருகற கொக்கி இருந்தா ஸ்பெயின், ரெண்டும் ஜெர்மன்னு சொல்லி வித்தா வெலைய கொறைச்சு கேளுங்க, ஆனா ரெண்டும் மோசமில்ல. ஹங்கேரி எம்38 ஃபின்லாந்துக்கு போயி அங்க ஓடினது ஒண்ணு இப்ப பேச்சுவார்த்தைல இருக்குது, மேல மூணு கோட்டு தெரியுதுன்னு அந்த ஆளு போட்டோ அனுப்பியிருக்காரு. வந்ததும் அதுக்கும் எழுதறேனுங்க.